குளிர் நாட்டுத் திராட்சை: ஆர் பள்ளத்தாக்கின் மண்ணும் வெயிலும்

ஒரே விதையை இரண்டு ஊர்களில் விதைத்தால் ஒரே விளைவு கிடைப்பதில்லை என்பது குடியானவர் அனைவரும் அறிந்த செய்தி. ஒரே நூலை இரண்டு ஊர்ச் சாயப்பட்டறைகளில் தோய்த்தால் தண்ணீரின் தன்மைக்கேற்ப நிறம் மாறுவதை நெசவாளரும் அறிவர். நிலமும் நீரும் வெயிலும் ஒரு பண்டத்தின் குணத்தை எவ்வாறு வகுக்கின்றன என்பதை மிகத் தெளிவாகக் காட்டும் பயிர்களுள் ஒன்று திராட்சை. அதிலும், குளிர் மிகுந்த நாட்டுத் திராட்சை இதனை இன்னும் துலக்கமாகக் காட்டுகிறது. வெப்பம் தாராளமாகக் கிடைக்கும் இடத்தில் சிறு வேறுபாடுகள் மறைந்துவிடும். வெப்பம் பற்றாத இடத்திலோ, ஒரு டிகிரி கூடினாலும் குறைந்தாலும் பயிரின் கதி மாறிவிடும்.

இதற்கு எடுத்துக்காட்டாக, ஜெர்மனியின் மேற்குப் பகுதியில் ரைன் நதியுடன் கலக்கும் ஆர் என்னும் சிற்றாற்றின் பள்ளத்தாக்கை இங்கே எடுத்துக்கொள்வோம். அங்கு விளையும் திராட்சையிலிருந்து ஒயின் என்னும் மது தயாராகிறது. மதுவைச் சிலாகிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரு விளைபொருளின் தரம் எங்கிருந்து பிறக்கிறது, அத்தரத்திற்குரிய விலை உழைத்தவன் கைக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது என்னும் இரண்டு கேள்விகளுக்கு அப்பள்ளத்தாக்கு விடை தருகிறது. கூட்டுறவாளர் அதனை அறிந்துகொள்வது பயனுடையது.

வெப்பத்தின் பற்றாக்குறை

ஆர் பள்ளத்தாக்கு வட அட்சரேகை 50 டிகிரிக்கும் சற்று வடக்கே அமைந்துள்ளது. திராட்சைத் தோட்டங்களின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 550 ஹெக்டேர் மட்டுமே. திராட்சைக் கொடி வளர்வதற்குச் சராசரி வெப்பம் சுமார் 10 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் இருக்க வேண்டும். எனவே அங்கே கொடி குளிர்காலம் முழுவதும் இலையுதிர்த்து உறங்குகிறது. ஏப்ரலில் துளிர்த்து, ஜூனில் பூத்து, செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அறுவடைக்கு வருகிறது. நமது கம்பம் பள்ளத்தாக்கில் கொடி உறங்குவதே இல்லை. கவாத்துச் செய்யும் காலத்தை மாற்றி ஆண்டில் ஒரு முறைக்கு மேலும் பழம் எடுக்கிறார்கள். ஆர் விவசாயிக்குக் கிடைப்பது ஆண்டுக்கு ஒரே அறுவடை. அது தவறினால் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதுதான்.

பழம் முதிரும்போது இரண்டு மாறுதல்கள் நிகழ்கின்றன. இலைகள் வெயிலைக் கொண்டு ஆக்கும் சர்க்கரை பழத்தில் சேர்கிறது. காயிலிருந்த புளிப்பு படிப்படியாகக் குறைகிறது. வெப்ப நாடுகளில் இவ்விரண்டும் விரைந்து நடக்கின்றன; சர்க்கரை ஏறும் வேகத்திலேயே புளிப்பு கரைந்துபோகிறது. குளிர் நாட்டில், குறிப்பாக இரவுகள் குளிர்ந்திருக்கும் இலையுதிர்காலத்தில், புளிப்பு மெல்லவே குறைகிறது. பழம் நிதானமாக முதிர்வதால் வாசனை கெடுவதில்லை. குளிர் நாட்டு ஒயின் போதை குறைந்ததாகவும், புளிப்புச் சுவை தெளிவானதாகவும், நறுமணம் உடையதாகவும் இருப்பதற்குக் காரணம் இதுவே. ஆனால் முதிர்ச்சி எட்டாமற்போனால் அந்த நற்குணமே குறையாகிவிடும். வெறும் புளிப்பே எஞ்சும்.

இத்தகைய இடத்தில் வெள்ளை ஒயினுக்குரிய பழம் விளைவதில் வியப்பில்லை. ஆர் பள்ளத்தாக்கிலோ பெரும்பாலும் விளைவது சிவப்பு ஒயினுக்குரிய பழம். பிரான்சு தேசத்தின் பர்கண்டிப் பகுதியில் பினோ நுவார் என்றும் ஜெர்மனியில் ஸ்பேட்புர்குண்டர் என்றும் வழங்கும் கருந்திராட்சையே அங்கு முதன்மைப் பயிர். சிவப்பு ஒயினுக்குச் சாறு இனித்தால் மட்டும் போதாது. நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்து வருவதால் தோலும் முதிர வேண்டும். அவ்வளவு வடக்கே அதற்கு வேண்டிய வெப்பம் எங்கிருந்து கிடைக்கிறது?

சரிவு செய்யும் உதவி

முதல் விடை நிலத்தின் சாய்வு. செப்டம்பர் 23-ஆம் தேதியை ஒட்டி, நண்பகலிற்கூட, 50-ஆம் அட்சரேகையில் சூரியன் தொடுவானத்திற்கு மேல் 40 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். கதிர்கள் சாய்ந்து விழுவதால், நேராக விழும்போது கிடைக்கும் வெப்பத்தை 100 பங்கு என்று கொண்டால் சமதரைக்குக் கிடைப்பது 64 பங்கே. அதே நேரத்தில், தெற்கு நோக்கி 30 டிகிரி சாய்ந்த நிலத்திற்கு 94 பங்கு கிடைக்கிறது. பழம் முதிரும் மாதத்தில், அதே வானத்தின் கீழ், சரிவு நிலம் சமதரையைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வெயிலைப் பெறுகிறது. வெப்ப நாட்டில் பொருட்படுத்த வேண்டாத இந்தக் கணக்கு அங்கே வாழ்வா தாழ்வா என்பதைத் தீர்மானிக்கிறது. ஆகவேதான் ஆற்றின் வடகரையில் தெற்குப் பார்த்த சரிவுகள் திராட்சைக்கு உரியவையாயின.

மேற்கே உள்ள ஐஃபெல் மலைநாடு மழைக்காற்றைத் தடுத்து நிறுத்துகிறது. இரவில் குளிர்ந்து கனத்த காற்று சரிவில் தங்காமல் பள்ளத்திற்கு இறங்கிவிடுகிறது. அதனால் உறைபனி முதலில் தாக்குவது தாழ்ந்த தரையையே. நடுச்சரிவு பெரும்பாலும் தப்புகிறது.

கல்லே உரம்போல

இரண்டாவது விடை கல். பள்ளத்தாக்கின் மேற்பகுதியில், ஆல்ட்டனார், மைஷோஸ் முதலிய ஊர்களைச் சுற்றி, மண் என்று சொல்லத்தக்கது சொற்பமே. நம் பிள்ளைகள் ஒரு காலத்தில் எழுதிப் பழகிய சிலேட்டுக் கல்லின் இனமே அங்கு நிலமாக விரிந்து கிடக்கிறது. அது கரிய நிறமுடையது. பகல் முழுதும் வெயிலை உறிஞ்சி, பொழுது சாய்ந்தபின் அவ்வெப்பத்தைக் கொடிக்கு மெல்ல விடுகிறது. சாந்தின்றிக் கல்லின்மேல் கல்லடுக்கிக் கட்டிய படிக்கட்டுச் சுவர்களும் இதே பணியைச் செய்கின்றன. பிளவுண்ட பாறையாதலால் மழைநீர் தேங்குவதில்லை. வேர்கள் நீரைத் தேடிப் பிளவுகளின் வழியே ஆழச் செல்கின்றன. சத்துக் குறைந்த நிலமாதலால் கொடி இலையாகப் பெருகாமல், காய்த்த சில குலைகளை முதிரவைக்கிறது. மகசூல் குறைவு, தரம் உயர்வு.

பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதியில், ஆர்வைலர், ஹைமர்ஸ்ஹைம் பக்கத்தில், சரிவு தணிந்து நிலம் அகலுகிறது. அங்கே காற்று கொண்டுவந்து படியவைத்த வண்டல்போன்ற மென்மண்ணும் களியும் கலந்திருக்கின்றன. ஈரம் நிற்கிறது, கொடி செழிக்கிறது. அந்த ஒயின் மென்மையும் நிறைவும் உடையது. மேற்பகுதியினது மெலிந்த உடலும் கூர்மையும் உடையது. ஒரே ஆறு, ஒரே கொடி. சில மைல் தூரத்திற்குள் இரு குணம்.

இவ்விடத்தில் ஒரு தவறான எண்ணத்தையும் களைந்துவிட வேண்டும். கல்லின் சுவையே ஒயினில் ஏறிவிடுகிறது என்று விற்பனையாளர்கள் சொல்வதுண்டு. பாறையின் சுவை வேரின் வழியே பழத்திற்குச் செல்வதில்லை என்பதே மண்ணியல் அறிஞர்களின் கருத்து. நிலம் தன் சுவையை ஊட்டுவதில்லை. நீரையும் வெப்பத்தையும் சத்தையும் எவ்வளவு, எப்போது தருவது என்பதை அது வரையறுக்கிறது. பழத்தின் குணம் அந்த அளவிலிருந்தே பிறக்கிறது.

தரம் இருந்தும் விலை இல்லை

இயற்கை இவ்வாறு உதவியும், 19-ஆம் நூற்றாண்டில் அம்மக்களின் நிலைமை இரங்கத்தக்கதாகவே இருந்தது. சரிவில் மாடும் ஏரும் ஏறா. மழையில் வழிந்த மண்ணை முதுகுக் கூடையில் சுமந்து மீண்டும் மேலே கொட்ட வேண்டும். இத்தனை பாடுபட்டும், பறித்த பழம் காத்திராது என்பதால், சாறு பிழியும் ஆலையும் நிலவறையும் இல்லாத சிறு விவசாயி வியாபாரி சொன்ன விலைக்கு இணங்க வேண்டியிருந்தது. நெய்து முடித்த சேலையை அன்றே விற்றாலன்றி அடுப்பெரியாது என்ற நிலையிலிருந்த நெசவாளிக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. பலர் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தனர்.

1868-ஆம் ஆண்டில் மைஷோஸ் கிராமத்து விவசாயிகள் ஒன்றுகூடி ஒரு சங்கம் அமைத்தனர். உலகின் மிகப் பழைய திராட்சை விவசாயிகள் கூட்டுறவுச் சங்கங்களுள் ஒன்றாக அது போற்றப்படுகிறது. பழத்தைப் பொதுவில் பிழிந்து, பொது நிலவறையில் பக்குவப்படுத்தி, காலம் பார்த்து விற்பது என்பதே அதன் ஏற்பாடு. காத்திருக்கும் சக்தியைத் தனியொருவன் பெற முடியாது. சங்கம் பெற்றுத் தந்தது.

அங்கிருந்து அதிக தூரமில்லாத ஹெட்டஸ்டார்ஃப் என்னும் ஊரில்தான் 1864-இல் ரைஃபைசன் தமது கடன் சங்கத்தை நிறுவினார். சென்னை அரசாங்கத்தின் பொருட்டு நிலக்கடன் முறைகளை ஆராய்ந்த பிரெடரிக் நிக்கல்சன் 1895, 1897 ஆகிய ஆண்டுகளில் அளித்த அறிக்கைகளில் பரிந்துரைத்தது அவருடைய முறையையே. 1904-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எழுந்த நமது கிராமச் சங்கங்களுக்கு வேர் அந்த ரைன் நாட்டில் இருக்கிறது.

பொதுவில் சேர்த்தால் நல்ல பழம் கொணர்ந்தவனுக்கும் மட்டமான பழம் கொணர்ந்தவனுக்கும் ஒரே விலையா என்னும் ஐயம் எழும். இதற்கு ஒரு கருவி விடை தந்தது. பெர்டினாண்ட் எக்ஸ்லே (1774–1852) என்பவரின் பெயரால் வழங்கும் அளவை அது. ஒரு லிட்டர் தண்ணீர் 1,000 கிராம் எடையுள்ளது. ஒரு லிட்டர் திராட்சைச் சாறு 1,080 கிராம் இருந்தால் அது 80 டிகிரி. கூடுதல் எடை பெரும்பாலும் சர்க்கரையே. ஜெர்மனியின் கூட்டுறவு நிலவறைகளில் பழத்தின் எடையோடு இந்த டிகிரியையும் குறித்தே பணம் கணக்கிடுவது வழக்கம். சரிவில் வருந்தி உழைத்துப் பழத்தை முதிரவைத்தவனின் உழைப்பு கருவியில் தெரிந்தது. முகத்தைப் பார்த்துத் தரம் பிரித்தால் சங்கத்தில் பூசல் வரும். அளந்து பிரித்தால் நம்பிக்கை வளரும்.

மாறிவரும் சீதோஷ்ணம்

முற்காலத்தில் பழம் முதிராமற்போகும் ஆண்டுகள் அடிக்கடி நேர்ந்தன. கடந்த சில பத்தாண்டுகளாக வெப்பம் உயர்ந்திருப்பதால் அக்குறை பெரிதும் நீங்கியது. ஆர் நாட்டுச் சிவப்பு ஒயினின் மதிப்பும் உயர்ந்தது. ஆனால் இந்த லாபத்திற்கு ஈடாக நஷ்டமும் வந்துள்ளது. கொடி முன்னதாகத் துளிர்ப்பதால், பின்வரும் உறைபனியில் துளிர் கருகும் அபாயம் மிகுந்தது. 2024 ஏப்ரலில் இவ்வாறே ஆர் பகுதி பெருஞ்சேதம் அடைந்தது. உறைந்த பழத்தைப் பிழிந்து எடுக்கும் பனி ஒயினுக்குக் குறைந்தது பூஜ்யத்திற்குக் கீழ் 7 டிகிரி குளிர் வேண்டும். 2019-ஆம் ஆண்டு விளைச்சலில் அது ஜெர்மனி முழுவதிலும் ஏறக்குறையக் கிட்டாமலே போயிற்று.

2021 ஜூலை 14-ஆம் தேதி இரவு நேர்ந்தது அதனினும் கொடிது. வெப்பத்தைக் காத்துத் தந்த அதே குறுகிய பள்ளத்தாக்கும், நீரைத் தேக்காத அதே பாறைச் சரிவுகளும் பெருமழையை அப்படியே ஆற்றில் இறக்கின. ஆர் பள்ளத்தாக்கில் மட்டும் 130 பேருக்கு மேல் மாண்டனர். சரிவிலிருந்த கொடிகள் பெரும்பாலும் தப்பின. தரையிலிருந்த நிலவறைகளும் பீப்பாய்களும் எந்திரங்களும் அழிந்தன. அறுவடைக்கு இரண்டு மாதங்களே இருந்தன. பிற பகுதிகளின் திராட்சை விவசாயிகள் ஆட்களோடும் எந்திரங்களோடும் வந்து தோட்ட வேலைக்குத் தோள்கொடுத்தனர். சேறு படிந்த புட்டிகளைக் கழுவாமலே நிவாரணத்திற்கென விற்றதில் 40 லட்சம் யூரோவுக்கு மேல் திரண்டது.

சரிவையும் கல்லையும் மனிதன் படைக்கவில்லை. ஆண்டுதோறும் வெயிலை வரவழைக்கவும் அவனால் இயலாது. கிடைத்த வெயிலை வீணாக்காத இடத்தில் நடுவதும், விளைந்ததை நேர்மையாக அளப்பதும், விலை வரும்வரை சேர்ந்து பொறுத்திருப்பதும் அவன் கையில் உள்ளவை. நமது சங்கங்களில் பருத்தி வாங்கும்போதும் துணி ஏற்கும்போதும் தரம் பிரிக்கும் மேசையில் நடப்பதும் இவ்வேலைதான். அந்த மேசையை ஒவ்வோர் அங்கத்தினரும் அருகிலிருந்து கவனிப்பது அவர்தம் உரிமை, கடமையுங்கூட.