மெழுகு போன இடத்தில் உலோகம்

கல்லில் சிலை வடிப்பவர் வேண்டாததைக் கொத்தி எடுக்கிறார். மண்ணில் வனைபவர் வேண்டியதைச் சேர்த்துக்கொண்டே போகிறார். வெண்கலச் சிலை இந்த இரண்டு வழியிலும் பிறப்பதில்லை. முதலில் மெழுகில் முழு உருவமும் உருவாகிறது. அதை மண்ணால் பொதிந்து சூடேற்றுகிறார்கள். மெழுகு உருகி வெளியே ஓடிவிட, அது இருந்த வெற்றிடத்தில் உலோகக் குழம்பு பாய்ந்து உறைகிறது. பிறகு மண்ணை உடைத்தால் சிலை. மெழுகு வார்ப்பு என்பது இவ்வளவுதான்.

இவ்வளவுதான் என்றாலும், மனிதர்கள் இதை ஆறாயிரம் ஆண்டுகளாகச் செய்துவருகிறார்கள். பலுசிஸ்தானத்தின் மெஹர்கரில் கிடைத்த, சக்கர வடிவிலான சிறு செப்புத் தாயத்து ஏறத்தாழ அந்த வயதுடையது. சாக்கடலை ஒட்டிய பாலைவனக் குகை ஒன்றில் 1961இல் கிடைத்த புதையலில் 400க்கும் மேற்பட்ட பொருட்கள் இருந்தன. பெரும்பாலும் செம்பாலான அவற்றில் பல, மெழுகு வார்ப்பில் உருவானவை. மொகஞ்சதாரோவில் 1926இல் வெளிப்பட்ட, இடுப்பில் கைவைத்து நிற்கும் பெண்ணின் உயரம் பத்தரை சென்டிமீட்டர்தான். அவளும் மெழுகில் பிறந்தவளே.

சுவாமிமலையில் நடப்பது

கும்பகோணத்துக்கு அருகே, காவிரிக் கரையிலுள்ள சுவாமிமலையில் ஸ்தபதிகள் இன்றும் இதே முறையில் திருமேனிகளை வார்க்கிறார்கள். தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சினால், கைச்சூட்டில் வளைந்து, ஆறியதும் இறுகி நிற்கும் மெழுகு கிடைக்கிறது. சிலையின் உயரத்துக்குத் தென்னையோலையை நறுக்கி, தாளம் என்னும் சிற்ப அளவுக் கணக்குப்படி மடிக்கிறார்கள். முகம் எவ்வளவு, மார்பு எவ்வளவு, முழங்கால் எங்கே என்பதெல்லாம் அந்த மடிப்புகளில் தெரிந்துவிடும். தலை, உடல், கைகால்களைத் தனித்தனியே செய்து, சூடான கருவியால் ஒட்டுகிறார்கள். உலோகம் உள்ளே வரவும் காற்று வெளியேறவும் மெழுகுக் குச்சிகளைப் பொருத்துகிறார்கள்.

அடுத்து மண். முதல் பூச்சுக்குக் காவிரியின் நுண்ணிய வண்டல் மண்தான் வேண்டும். மெழுகில் கீறிய மயிரிழைக் கோட்டைக்கூட அது அப்படியே பிடித்துக்கொள்கிறது. சோழர் காலத் திருமேனிகளின் அணிகலன்களில் நாம் காணும் நுணுக்கத்துக்கு உளியைப் போலவே இந்த வண்டலும் காரணம். நிழலில் காயவைத்து, மேலே கரடான மண்ணை அடுக்கடுக்காகப் பூசி, இரும்புக் கம்பியால் கட்டுகிறார்கள். தீயில் காட்டியதும் மெழுகு வெளியேறுகிறது. காலியான அச்சை வாய் மேலே இருக்கும்படி குழியில் புதைத்து, உலோகத்தை இடைவிடாமல் மெல்லிய தாரையாக ஊற்றுகிறார்கள். ஆறிய பின் அச்சை உடைக்கிறார்கள். அரம், உளி வேலைகள் முடிந்து, கண் திறப்பது கடைசியில்.

எவ்வளவு உலோகம் உருக்க வேண்டும் என்பதற்கும் மெழுகே கணக்குச் சொல்கிறது. வெண்கலம் மெழுகைவிட ஏறத்தாழ ஒன்பது மடங்கு அடர்த்தியானது. ஆகவே மெழுகுச் சிலையை எடைபோட்டால் போதும். மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டில் எழுதிய ‘மானசோல்லாசம்’ இந்தக் கணக்கை விளக்கியிருக்கிறது.

வெள்ளீயத்தின் உதவி

தூய செம்பு 1085 டிகிரி செல்சியஸில்தான் உருகும். குழம்பாக இருக்கும்போது வாயுக்களை உறிஞ்சிக்கொண்டு, உறையும்போது அவற்றை விடுவதால் சிலையில் துளைகள் விழும். பத்துச் சதவீதம் வெள்ளீயம் சேர்த்தால் வெண்கலம். ஏறத்தாழ ஆயிரம் டிகிரியிலேயே அது உருகிவிடும். இளகி ஓடி, விரல் இடுக்கு வரை போய் நிரம்பும். உறைந்தபின் செம்பைவிட உறுதியாகவும் இருக்கும்.

இத்தாலியச் சிற்பி பென்வெனுத்தோ செல்லினியைக் காப்பாற்றியது இந்த வேதியியல்தான். புளோரன்ஸ் நகரில் 1545இல் தொடங்கி 1554இல் மக்கள் பார்வைக்கு வந்த பெர்சியஸ் சிலையை வார்க்கும்போது, அவர் காய்ச்சலில் படுத்திருந்தார். உலையில் உலோகம் கட்டிதட்டத் தொடங்கியது. எழுந்து வந்த செல்லினி, வீட்டிலிருந்த வெள்ளீயக் கலவைத் தட்டுகளையெல்லாம் உலையில் போடச்செய்தார்; குழம்பு மீண்டும் ஓடியது என்று தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். மெழுகு உருகிப் போன பிறகு திரும்பிப்போக வழியில்லை. வார்ப்பு பிசகினால் பல மாத உழைப்பு போய்விடும்.

உள்ளே கனமா, வெற்றிடமா?

ஒரே நுட்பம்தான். ஆனால் ஒரு கேள்விக்கு ஒவ்வொரு மக்களும் ஒவ்வொரு விடை சொன்னார்கள். சிலை முழுவதும் உலோகமாக இருக்க வேண்டுமா, உள்ளீடற்று இருக்க வேண்டுமா? சிலையால் அவர்களுக்கு ஆக வேண்டியது என்ன என்பதை இந்த விடையில் படித்துவிடலாம்.

உள்ளீடற்ற சிலைக்கு முதலில் மண்ணால் கரு செய்து, அதன்மேல் மெழுகை மெல்லிய தோலாகப் போர்த்துகிறார்கள். மெழுகு போனதும் கரு அசைந்துவிடாதபடி உலோக ஆணிகள் அதைத் தாங்கும். இதனால் உலோகமும் எடையும் குறைகின்றன. இன்னொரு பெரிய நன்மையும் உண்டு. தடித்த உலோகம் வெளியே முதலில் உறைந்து, உள்ளே மெதுவாகச் சுருங்கும். அதில் குழியும் விரிசலும் விழ வாய்ப்பு அதிகம். மெல்லிய சுவர் சீராக ஆறும்.

ஆளுயரச் சிலைகளைத் திறந்தவெளியில் நிறுத்த விரும்பிய கிரேக்கர்கள் இந்த வழியைத் தேர்ந்தார்கள். இத்தாலியின் ரியாச்சே கடற்கரைக்கு அருகே 1972இல் கடலடியில் கிடைத்த இரண்டு வீரர்கள் கி.மு. 5ஆம் நூற்றாண்டினர், சுமார் இரண்டு மீட்டர் உயரம். பகுதி பகுதியாக வார்த்து இணைத்தவை. உதடுகள் செம்பு, ஒருவரின் பற்கள் வெள்ளி. கை நீட்டி, கால் தளர்த்தி அவர்கள் தாமாகவே நிற்கிறார்கள். இத்தகைய வெண்கலச் சிலைகளை ரோமானியர்கள் பளிங்கில் நகலெடுத்தபோது, காலருகே ஒரு மரத்தண்டையும் சேர்த்துச் செதுக்க வேண்டியிருந்தது. அது இல்லையென்றால் பளிங்குக் கால் முறிந்துவிடும்.

சோழநாட்டு விடை வேறு. கருவறையில் மூலவர் கல்லாக அசையாமல் இருக்க, உற்சவர் வீதிக்கு வருகிறார். அவருக்குத் திருமஞ்சனம் உண்டு, ஆடை உண்டு, ஆண்டுதோறும் பவனி உண்டு. தலைமுறை தலைமுறையாக மனிதக் கைகள் தொடப்போகும் அந்தத் திருமேனி முழுக்க உலோகமாகவே இருக்க வேண்டும் என்பது மரபு. அதனால்தான் அவை பெரும்பாலும் ஆளுயரத்துக்குள் நின்றுவிட்டன. அந்த எல்லைக்குள் ஒற்றைக் காலில் நிற்கும் நடராசரின் முழு எடையையும் சமன்செய்து காட்டியதுதான் சோழச் சிற்பிகளின் பெருமை.

நைஜீரியாவின் பெனின் நகரில் வெற்றிடத்துக்கே ஒரு வேலை இருந்தது. முன்னோர் பீடங்களில் வைக்கப்பட்ட அரசர் தலைகளின் உச்சியில் துளை விட்டு வார்த்தார்கள். செதுக்கிய யானைத் தந்தத்தை அதில் நிறுத்தினார்கள். 1897இல் ஆங்கிலேயப் படை அரண்மனையைச் சூறையாடியதால் அந்தச் சிற்பங்கள் ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் சிதறின. சில இப்போது திரும்பிவருகின்றன; 2022 டிசம்பரில் ஜெர்மனி 20 கலைப்பொருட்களை நைஜீரியாவிடம் ஒப்படைத்தது. பெனினின் இகுன் தெருவில் வார்ப்பாளர் குடும்பங்கள் இன்றும் உலை மூட்டுகின்றன.

மெழுகே இல்லாமலும் பெரும் வெண்கல மரபு ஒன்று வளர்ந்தது. சீனாவின் ஷாங் காலத்தவர் மண் அச்சுகளைத் துண்டுகளாகச் செய்து பொருத்தியே வார்த்தார்கள். ஆன்யாங்கில் 1939இல் கிடைத்த அவர்களது சடங்குக் கலம் ஒன்றின் எடை 800 கிலோவுக்கும் மேல்.

மெழுகு வார்ப்பு பழங்கலையாக ஒதுங்கிவிடவும் இல்லை. விமான ஜெட் எஞ்சினின் விசையாழி இறக்கைகள் இதே முறையில் உருவாகின்றன. மண்ணுக்குப் பதில் பீங்கான் ஓடு, வெண்கலத்துக்குப் பதில் நிக்கல் உலோகக்கலவை.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடத்துக்குப் போனால், முகத்தை வணங்கிவிட்டுப் பின்பக்கமும் சென்று பாருங்கள். யாரும் பார்க்காத முதுகிலும் சடையும் ஆடை மடிப்பும் முழுமையாக இருக்கும். பீடத்தில், வீதியுலாவுக்குத் தண்டு செருகும் துளைகள் தெரியும். வேறு அருங்காட்சியகங்களில், கிரேக்கச் சிலையென்றால் இணைப்புகளைத் தேடுங்கள். பெனின் தலையென்றால் உச்சித் துளையை. சிலையின் அழகு எல்லோர் கண்ணுக்கும் படும். அது எந்தத் தேவைக்காக, யார் எடுத்த முடிவால் அப்படி ஆனது என்பதையும் சேர்த்துப் பார்ப்பவரே அந்தச் சிற்பியை முழுதாகச் சந்திக்கிறார்.