போருக்குப் பின் ஒரு வங்கிக் கட்டடம்

கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் நமக்குக் கட்டடம் இடிவது என்றால் மழை, வெள்ளம், வயது ஆகிய மூன்றும்தான் நினைவுக்கு வரும். போர் வந்து இடித்த சுவரை நம் தலைமுறை இங்கே கண்டதில்லை. சென்னை கண்டிருக்கிறது. 1914 செப்டம்பர் 22 அன்று இரவு, ‘எம்டன்’ என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று குண்டுகளை வீசியது. கரையோரத்து எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. உயர்நீதிமன்றத்தின் சுற்றுச்சுவரையும் ஒரு குண்டு தாக்கியது. அந்தச் சுவரைச் சரிசெய்தார்கள். குண்டு விழுந்த இடத்தைக் காட்ட ஒரு சிறு கல்வெட்டையும் பதித்தார்கள். (சாமர்த்தியசாலியை ‘அவன் எம்டன்’ என்று சொல்லும் வழக்கம் தமிழுக்கு வந்ததும் அந்த இரவுக்குப் பிறகுதான்.)

பழுது பார்ப்பது ஒரு வேலை. அடையாளம் வைப்பது மற்றொரு வேலை. சுற்றுச்சுவரில் இவ்விரண்டும் எளிதாக முடிந்துவிட்டன. ஆனால் இடிபட்டது நாள்தோறும் மக்கள் வந்துபோகும் ஒரு கட்டடம் என்றால், இரண்டும் ஒன்றோடொன்று மோதத் தொடங்கும். அதனை விளக்கவே இக்கட்டுரை.

வங்கியை எடுத்துக்கொள்வோம். போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் எடுத்தவர் பணம் செலுத்த வேண்டும். விற்றவர் பெற வேண்டும். கூடலூரிலும் கம்பத்திலும் திராட்சை வெட்டிய கூலியாட்களுக்கு வாரக் கூலி கொடுக்க வேண்டும். வங்கி நான்கு நாள் திறக்கவில்லை என்றால் சந்தையே தடுமாறும். பூட்டிய கதவைப் பார்த்ததும், ‘உள்ளே நம் பணம் இருக்கிறதா?’ என்ற ஐயம் எழும். ஆகவே போரில் அடிபட்ட ஊரில் வங்கிக் கட்டடம் மற்ற கட்டடங்களைப் போல ஆற அமரக் காத்திருக்க முடியாது.

இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு ஹிரோஷிமாவில் இருக்கிறது. அங்கே ஜப்பானிய மைய வங்கியின் கிளை 1936இல் கட்டப்பட்டது. நிலத்துக்கு மேல் மூன்று தளங்கள், நிலத்துக்கடியில் ஒன்று. தடித்த சுவர்கள் கொண்ட உறுதியான கட்டடம். 1945 ஆகஸ்டு 6 காலை 8.15 மணிக்கு அணுகுண்டு வெடித்தபோது, குண்டு வெடித்த புள்ளிக்கு நேர்க்கீழே உள்ள இடத்திலிருந்து அது வெறும் 380 மீட்டர் தொலைவில் இருந்தது. வங்கி திறக்கும் நேரம் ஆகவில்லை. கீழ்த்தளத்திலும் அதற்கு மேலுள்ள தளத்திலும் சன்னல்களின் இரும்பு ஷட்டர்கள் மூடியே இருந்தன. உச்சித் தளத்தில் அரசின் நிதித்துறை அலுவலகம் ஒன்று இயங்கிவந்தது. அங்கே ஷட்டர்கள் திறந்திருந்தன. அந்தத் தளம் முழுவதும் எரிந்தது. கீழே இருந்த இரண்டு தளங்களும் பெட்டக அறையும் தப்பின. ஒரே கட்டடம், ஒரே குண்டு. மூடிய ஷட்டர் ஒரு முடிவையும் திறந்த ஷட்டர் வேறொரு முடிவையும் தந்தன.

ஆகஸ்டு 8ஆம் தேதி அந்த வங்கி மீண்டும் பணம் கொடுக்கத் தொடங்கியது. குண்டு விழுந்து இரண்டே நாள்! ஊரிலிருந்த மற்ற வங்கிகளுக்கு அமர இடமில்லாததால், அவற்றின் கவுண்ட்டர்களும் இதே கூடத்துக்கு வந்தன. கூரைக் கண்ணாடி உடைந்து வானம் தெரிந்தது. மழை பெய்த நாளில் குடை பிடித்துக்கொண்டே வேலை நடந்தது என்பர். இதைப் பழுதுபார்ப்பு என்று சொல்ல முடியாது. எது விழாமல் நிற்கும் என்று பார்த்து, அங்கே ஒரு மேசையைப் போடுவது, அவ்வளவே. ஆனால் போருக்குப் பின் நடக்கும் கட்டட வேலையில் முதற்படி இதுதான்.

அவ்வளவு அருகில் இருந்தும் கட்டடம் எப்படி நின்றது? குண்டு தரையில் வெடிக்கவில்லை. ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் வெடித்தது. நேர்க்கீழே அருகில் இருந்த கட்டடங்களை அதன் அழுத்தம் பெரும்பாலும் மேலிருந்தே தாக்கியது. தூணும் சுவரும் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கவே கட்டப்படுபவை. பக்கவாட்டில் தள்ளினால்தான் அவை எளிதில் சாயும். கூரைகள் நொறுங்கியும் சில சுவர்கள் நின்றதற்கு இது ஒரு காரணம். சாதாரணப் பீரங்கிக் குண்டு இப்படி அன்று. அது பக்கவாட்டில் வந்து செங்கல் சுவரைத் துளைக்கும். தூணும் உத்தரமும் சட்டம் போல் பிணைந்த கான்கிரீட் கட்டடத்தில், இடையிலுள்ள செங்கல் சுவர் பெயர்ந்து விழுந்தாலும் சட்டம் நின்றுகொள்ளும். பழைய முறையில் சுவரே பாரம் தாங்கும் கட்டடத்தில், சுவர் போனால் அதன் மேலிருப்பதும் போகும்.

குண்டைவிடத் தீ வஞ்சகமானது. குண்டு செய்த ஓட்டை கண்ணுக்குத் தெரியும். தீ செய்த கேடு உள்ளே ஒளிந்திருக்கும். கரி படிந்த தூண் உறுதியாகவே இருக்கலாம். சுத்தமாகத் தெரியும் தூண் உள்ளே வெந்து போயிருக்கலாம். பொறியாளர் முதலில் நிறத்தைப் பார்ப்பார். கான்கிரீட் ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பல வகை ஜல்லிகளில் இளஞ்சிவப்பு தோன்றும். 600 டிகிரியை நெருங்கினால் சாம்பல் வெளுப்பு தட்டும். இளஞ்சிவப்பு தெரிந்த ஆழம் வரையில் கான்கிரீட்டை நம்பக்கூடாது என்பது கைப்பழக்கமாக வந்த விதி. அடுத்தது ஓசை. சந்தையில் மண்பானை வாங்குபவர் விரலால் சுண்டிப் பார்ப்பதைப் போல, சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள். கணீர் என்றால் நல்லது. பொத்தென்று ஒலித்தால் உள்ளே பிளவு உண்டு. இதன் பிறகே கருவிகள் வரும். ஐயமுள்ள இடத்தில் உருளை வடிவில் ஒரு துண்டை வெட்டியெடுத்துச் சோதனைக் கூடத்தில் நசுக்கிப் பார்ப்பதும் நடக்கும்.

கம்பியின் கதை வேறு. சாதாரண இரும்புக் கம்பி 600 டிகிரிச் சூட்டில் தன் வலிமையில் ஏறக்குறையப் பாதியை இழக்கும். ஆனால் ஆறிய பின் பெரும்பகுதியைத் திரும்பப் பெறும். குளிர்நிலையில் முறுக்கி வலுவேற்றிய கம்பிக்கு இந்த நல்வாய்ப்பு குறைவு. 1970களிலும் 1980களிலும் நம் ஊர்களில் கட்டிய மாடிகள் பலவற்றில் இந்த முறுக்குக் கம்பிதான் இருக்கிறது. மிகுந்த சூட்டில் முறுக்கு தந்த வலிமை போய்விடும், ஆறினாலும் வராது. ஆகையால் கட்டியபோது எந்தக் கம்பி போட்டார்கள் என்ற பழைய ஏடு, தீப்பிடித்த பிறகு பொன்னாகிவிடுகிறது. அந்த ஏடும் எரிந்த கட்டடத்துக்குள்ளேயே இருந்திருக்கும் என்பதுதான் வேடிக்கை.

இத்தனைக்குப் பின்னும் ஐயம் தீரவில்லை எனில், தளத்தின் மேல் மணல் மூட்டைகளை அடுக்கிப் பார்ப்பதுண்டு. தளம் தாங்க வேண்டிய பயன்பாட்டுப் பாரத்தைப் போல ஒன்றேகால் மடங்கை ஏற்றி, 24 மணி நேரம் விட்டுவைப்பார்கள். தளம் எவ்வளவு தாழ்ந்தது என்று அளப்பார்கள். பிறகு மூட்டைகளை இறக்கி, மேலும் 24 மணி நேரத்தில் தாழ்ந்ததில் முக்கால் பங்காவது மீண்டதா என்று பார்ப்பார்கள். மீண்டால் தளம் தேறிற்று. இது இந்தியத் தர விதியில் உள்ள முறை.

தேறிய பகுதியைப் பழுது பார்ப்பது பெரும்பாலும் பொறுமையின் வேலை. முதலில் முட்டுக் கொடுத்துப் பாரத்தை இறக்க வேண்டும். வெந்த கான்கிரீட்டைச் செதுக்கி எடுத்து, கம்பியைத் தேய்த்துத் துலக்கி, போதாத இடத்தில் புதுக்கம்பி சேர்த்து, காற்றழுத்தத்தால் சிமெண்டுக் கலவையைப் பீய்ச்சி அடிப்பார்கள். அல்லது தூணைச் சுற்றிப் புதிதாக ஒரு கான்கிரீட் சட்டை போடுவார்கள். நுண்ணிய வெடிப்புகளுக்குள் எபாக்சி என்ற பிசினை ஊசி போடுவது போலச் செலுத்துவதும் உண்டு.

நிற்கும் கட்டுமானத்தை நிற்கும்போதே வலுவூட்டுவது நமக்குப் புதிதன்று. நம் வயல்களுக்குத் தண்ணீர் தரும் முல்லைப் பெரியாறு அணை, சுண்ணாம்பும் சுர்க்கி எனும் சுட்ட மண் பொடியும் கலந்த காரையால் கட்டப்பட்டு 1895இல் முடிந்தது. 1979க்குப் பின் அதனை வலுப்படுத்தியபோது, அணையின் உச்சியிலிருந்து கீழே துளையிட்டு எஃகு வடங்களை இறக்கி, அடிப்பாறையோடு பிணைத்து இறுக்கினார்கள். தலையில் கான்கிரீட் மூடியும் பின்புறத்தில் கான்கிரீட் முட்டும் கொடுத்தார்கள். பழையதை அகற்றவில்லை; அதற்குத் துணை கொடுத்தார்கள். வீடுகளில் நாம் செய்வது பல நேரங்களில் இதற்கு எதிர்மாறு. பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர் பெயர்ந்தால் அதன் மேல் சிமெண்டை அப்பிவிடுகிறோம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். சிமெண்டுப் பூச்சு அதனை உள்ளே அடைத்துவிடும். சில மழைக்காலங்களில் பூச்சு தன்னோடு பழைய செங்கல்லையும் பெயர்த்துக்கொண்டு விழும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்பே மருந்து.

இதுவரை சொன்னது பொறியியல். இனி வருவது பொறியாளரால் தீர்க்க முடியாதது.

ஹிரோஷிமாவிலேயே சுமிடோமோ வங்கியின் கிளை ஒன்று, குண்டுக்கு இன்னும் அருகில், சுமார் 260 மீட்டர் தொலைவில் இருந்தது. அன்று காலை வங்கி திறக்கும் வரை காத்திருந்த ஒருவர் அதன் வாசற்படியில் அமர்ந்திருந்தார். வெடித்த கணத்தின் வெப்பத்தால் சுற்றியிருந்த கல் வெளுத்தது. அவர் உடல் மறைத்த இடம் மட்டும் கருமையாக நின்றது. கல்லில் ஒரு மனித நிழல். போருக்குப் பின் அந்த வங்கியும் இயங்கியது. எண்ணிப் பாருங்கள்: கட்டடத்தைச் சரிசெய்ய வந்த கொத்தனாருக்கு அது மாற்ற வேண்டிய ஒரு கல். ஊருக்கு அது அப்படியன்று. படியை விட்டுவைத்தார்கள். மழையும் வெயிலும் நிழலை மங்கச் செய்தன, வேலி போட்டார்கள். கட்டடத்தைப் புதுப்பிக்க வேண்டி வந்தபோது, 1971இல் அந்தப் படிகளை வெட்டியெடுத்து அமைதி நினைவு அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். வங்கி வங்கியாகத் தொடர்ந்தது. நிழல் நிழலாகக் காக்கப்பட்டது. மைய வங்கியின் கிளையோ 1992 வரை அதே பழைய கட்டடத்தில் வேலை செய்தது. 2000இல் நகராட்சி அதனைப் பண்பாட்டுச் சின்னமாக அறிவித்தது. இன்று பொதுமக்கள் அதன் பெட்டக அறைக்குள்ளேயே சென்று வரலாம்.

இந்தக் கேள்வி தமிழர்க்கு மிக நெருக்கமாக வந்தது யாழ்ப்பாணத்தில். அது வங்கியன்று, நூலகம். ஆயினும் ஊர் தன் செல்வத்தைப் போட்டுவைத்த இடம் என்ற பொருளில் அதுவும் ஒரு பெட்டக அறைதான். சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மனின் வரைபடத்தில், நம் நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். அரங்கநாதனின் ஆலோசனையோடு எழுந்த அந்தப் பொது நூலகம் 1959இல் திறக்கப்பட்டது. 1981 மே மாத இறுதி நாள் இரவில் அது எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றுள் ஓலைச்சுவடிகளும் இருந்தன. சுவர்கள் நின்றன. 1984இல் ஒரு பகுதி மீண்டும் திறக்கப்பட்டது. பிறகு போர் வந்தது. கோட்டைக்கு அருகிலிருந்த நூலகத்தின் மீது குண்டுகள் விழுந்தன. எரிந்த சுவர்களில் துளைகளும் ஏறின.

அப்போது எழுந்த வாதம் இது. எரிந்த கட்டடத்தை அப்படியே நினைவுச் சின்னமாக விட்டுவிட்டுப் புதிய நூலகத்தை வேறிடத்தில் கட்டுவோம் என்றனர் சிலர். பழைய வடிவிலேயே எழுப்பிப் பிள்ளைகள் கையில் புத்தகத்தைக் கொடுப்போம் என்றனர் வேறு சிலர். பூசி மெழுகினால் நடந்ததே மறைந்துபோகும் என்ற அச்சம் முதலாமவருக்கு. வெறும் சுவரைக் காட்டிக்கொண்டே ஒரு தலைமுறையை நூலகமின்றி வளர்ப்பதா என்ற கவலை மற்றவருக்கு. 1998இல் தொடங்கிய முயற்சியில் இரண்டாம் வழியே நடைமுறைக்கு வந்தது. 2003 தொடக்கத்தில் நடக்கவிருந்த திறப்பு விழாகூட எதிர்ப்பால் நின்றுபோய், பின்னரே கதவுகள் திறந்தன. இன்று முன்னால் நின்று பார்ப்பவருக்கு வெள்ளைக் குவிமாடங்களும் சரசுவதி சிலையும் தெரிகின்றன. தீயின் கறை தெரிவதில்லை.

நூலகத்தைத் திறந்ததே சரி என்பது என் எண்ணம். படிக்க வருபவனைத் திருப்பி அனுப்பும் உரிமை எந்த நினைவுச் சின்னத்துக்கும் கிடையாது. ஆயினும் ஒரு தூணை, ஓர் அறையின் ஒரு சுவரை, பூசாமல் விட்டிருக்கலாம். வங்கி தன் படிகளில் செய்ததைப் போன்ற ஏற்பாடு அது. உடனே ஒன்று சொல்ல வேண்டும்: பூசாமல் விடுவது சும்மா விடுவதாகாது. கடற்காற்று வீசும் ஊரில், வெந்த கான்கிரீட்டின் உள்ளேயிருக்கும் கம்பி துருப்பிடித்து வீங்கும். வீங்கிய கம்பி சுவரைப் பிளக்கும். ஹிரோஷிமாவில் எலும்புக்கூடாக நிற்கும் குவிமாடக் கட்டடத்தை அப்படியே காப்பது என்று நகரமன்றம் 1966இல் முடிவெடுத்தது. அடுத்த ஆண்டே வெடிப்புகளுக்குள் எபாக்சி செலுத்தி, உள்ளே எஃகு முட்டுகள் கொடுக்க வேண்டியிருந்தது. அதன் பின்னும் பலமுறை சாரம் கட்டிச் சரிபார்த்திருக்கிறார்கள். இடிந்தது இடிந்தபடியே நிற்பதற்கும் கொத்தனார் வந்துகொண்டுதான் இருக்க வேண்டும்.