புதுவைத் திருஇருதய ஆலயத்தின் வர்ணச் சாளரங்கள்

புதுச்சேரி இரயில் நிலையத்திற்கு எதிரே நிற்கும் திருஇருதய ஆலயத்தைப் பகலில் வீதியிலிருந்து நோக்குவோர்க்கு அதன் சாளரங்கள் ஒளியற்றுக் கறுத்தே தோன்றும். உள்ளே சென்று நின்றாலோ, அவையே நீலமும் சிவப்புமாய்ச் சுடர்விடக் காணலாம். உசிலம்பட்டிப் பக்கத்து மானாவாரிக் காடுகளில் நடுப்பகல் வெயிலுக்குக் கண் கூசி நின்ற நம் மாணாக்கர்க்கு, அவ்வெயிலே இத்துணைச் சாந்தமாய் இறங்கக்கூடும் என்பது வியப்பளிக்கும்.

ஆலயம் மிகப் பழமையானதன்று. 1895-ஆம் வருஷத்தில் தம் மேற்றிராசனத்தைத் திருஇருதயத்திற்கு ஒப்புக்கொடுத்த அதிமேற்றிராணியார் கான்டி என்பார், அதன் பொருட்டு ஒரு கோவில் எழுப்பக் கருதினார். 1902-இல் வேலை தொடங்கிற்று; 1907 டிசம்பர் 17-ஆம் நாள் கோவில் மந்திரிக்கப்பட்டது; மறுவருஷம் பங்குக் கோவிலாயிற்று. 2011-இல் பசிலிக்கா என்னும் பதவி பெற்றது. கோத்திக் முறையிலமைந்த கூர்வளைவுகளையும் 24 தூண்களையும் பற்றி எழுதப்புகின் விரியும். ஈண்டு நாம் கருதுவது, திருஇருதய பக்தியிற் சிறந்த அர்ச்சியசிஷ்டவர்களின் உருவங்களைத் தாங்கிய 28 வர்ணச் சாளரங்களையே.

இவ்வகைச் சாளரத்தின் வர்ணம் கண்ணாடியின்மேல் பூசப்பட்டதென்று பலரும் எண்ணுகின்றனர். அஃது அவ்வாறன்று. உலையில் மணல் உருகும்போதே உலோகப் பொருள்கள் அதிற் கலக்கப்படுகின்றன. கோபால்ட்டு நீலத்தையும், செம்பு அல்லது பொன் சிவப்பையும், மாங்கனீசு ஊதாவையும் தரும். முகமும் ஆடைமடிப்பும் மாத்திரம் கரிய பொடிச்சாயத்தால் தீட்டப்பட்டுச் சூளையில் சுடப்படும். பின்னர்த் துண்டங்களை இருபுறமும் பள்ளமுள்ள ஈயப் பட்டைகளிற் பொருத்தி, சந்துகளிற் பற்றாசு வைத்து இணைப்பர். நிறம் கண்ணாடியின் உடலிலேயே இருத்தலால் நூறு ஆண்டு வெயிலுக்கும் வெளுப்பதில்லை.

மூப்படைவது ஈயமே. சூடேறுங்கால் ஈயம் கண்ணாடியைக் காட்டிலும் ஏறக்குறைய மும்மடங்கு விரியும், இரவிற் சுருங்கும். நாள்தோறும் இங்ஙனம் நிகழ, பட்டை தளர்ந்து வெடிக்கும், சாளரம் வயிறு போற் புடைக்கும், கண்ணாடி நழுவும். மேனாட்டில் நூறு ஆண்டுகட்கு மேலும் தாங்கும் ஈயத்திற்கு நம் வெயிலும் கடற்காற்றும் பின்னும் கடிய சோதனையன்றோ? ஆதலின் சாளரத்திற்கு உயிரளிக்கும் கதிரவனே அதனைத் தேய்ப்பவனுமாகிறான்.

பரிகாரம் உண்டு. சாளரத்தைக் கழற்றி, அதன் வடிவைக் காகிதத்தில் ஒற்றியெடுத்து, துண்டங்கட்கு எண்ணிட்டு, புது ஈயத்தில் அதே கண்ணாடியை மீண்டும் கோப்பர். செலவும் காலமும் மிகும். அதற்கு அஞ்சிப் பழைய கண்ணாடியை அகற்றிவிட்டு, படம் அச்சிட்ட பிளாஸ்டிக் தாளை வெற்றுக் கண்ணாடியில் ஒட்டிவிடும் வழக்கம் இக்காலத்திற் பரவியுள்ளது. அதன் சாயமோ சில ஆண்டுகளில் வெளுத்துவிடும். வெளிப்புறத்திற் காவற்கண்ணாடி வைத்தலும் நன்றே. ஆயின் இடையே காற்று உலவ வழியின்றி அடைத்துவிட்டால் வெப்பம் தங்கி ஈயத்தை முன்னினும் விரைவிற் கெடுக்கும்.

புதுவை செல்லும் நண்பர்கள் சாளரத்திற்கு நேரே நின்று படத்தைக் கண்டபின், சுவரோரமாகச் சென்று பக்கவாட்டிலும் ஒருமுறை நோக்குக. கண்ணாடித் தளம் நேராயிருக்கின்றதா, புடைத்திருக்கின்றதா என்பது அங்கிருந்தே தெரியும்.