இரண்டு நொடித் தயக்கம்

அச்சில் வந்த கட்டுரையைப் பார்த்து, அது எப்படி எழுதப்பட்டது என்று சொல்லிவிட முடியாது. அடித்த வரிகள், இடம் மாறிய பத்திகள், முதல் வாக்கியம் பிடிபடாமல் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த கால் மணி நேரம் எதுவும் அதில் இருக்காது. கையால் எழுதிய காலத்தில் அடித்தல் திருத்தலாவது தாளில் மிஞ்சியது. கணினி வந்தபின் அதுவும் போயிற்று. பேக்ஸ்பேஸ் அழித்தால் அழித்ததுதான்.

அந்தத் தடயத்தை மீட்டுத் தரும் மென்பொருள்களில் பலர் அறிந்தது இன்புட்லாக். பெல்ஜியத்தில் ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாரியெல் லைட்டன், லூக் வான் வாஸ் என்ற இரு ஆய்வாளர்கள் உருவாக்கியது. நீங்கள் வழக்கம்போல வேர்டைத் திறந்து எழுதுவீர்கள். பின்னால் அது ஓசையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். எந்த விசையை எப்போது அழுத்தினீர்கள், மவுஸ் எங்கே நகர்ந்தது, நடுவில் எந்த ஜன்னலுக்குத் தாவினீர்கள் எல்லாவற்றையும் ஆயிரத்தில் ஒரு நொடிக் கணக்கில் குறித்துக்கொள்ளும். வங்கி பாஸ்வேர்டைத் திருடும் கள்ள நிரலும் இதுவும் ஒரே சாதிதான். இங்கே எழுதுபவரிடம் சொல்லி, ஒப்புதல் வாங்கிக்கொண்டு செய்கிறார்கள் என்பதுதான் வேறுபாடு.

பதிவு எப்படி இருக்கும் என்று பார்க்க ஒரு கற்பனை உதாரணம் போதும். ஒருவர் ‘மழை விட்டதும்’ என்று தட்டுகிறார். 2.8 நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ‘ஊரே கடைவீதிக்கு’ என்று வருகிறது. மறுபடி 4.1 நொடி. ‘கடைவீதிக்கு’ அழிகிறது, ‘தெருவுக்கு வந்தது’ என்று முடிகிறது. அடுத்த வாக்கியத்தைத் தொடங்கியவர் பாதியில் விட்டுவிட்டு மேலே வந்து, ‘ஊரே’ என்பதை எடுத்துவிட்டுப் ‘பிள்ளைகள்’ என்று போடுகிறார். எழுவாய் மாறினால் தமிழில் கடைசி வினை சும்மா இருக்காதே! அங்கேயும் போய் ‘வந்தது’ என்பதை ‘வந்தார்கள்’ ஆக்குகிறார். வாசகர் கையில் கிடைப்பது ஐந்தே சொற்கள்: மழை விட்டதும் பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள். பதிவில் இருப்பதோ அரைப் பக்கம்.

இந்தச் சிக்கலை ஒரே வரியில் காட்ட, ஸ்டாக்ஹோமில் கணினி ஆய்வாளர்கள் எஸ்-குறியீடு என்ற முறையை வகுத்தார்கள். நீக்கியது சதுர அடைப்புக்குள், நுழைத்தது நெளிவு அடைப்புக்குள், எழுத்தோட்டம் அறுந்த இடத்தில் ஒரு நெடுங்கோடு, ஒவ்வொன்றுக்கும் வரிசை எண். பழகிய கண் அதைப் பார்த்ததுமே இவர் எங்கே தடுமாறினார், எங்கிருந்து எங்கே தாவினார் என்று சொல்லிவிடும்.

ஆய்வாளர்கள் முதலில் தேடுவது தயக்கத்தை. இரண்டு நொடிக்கு மேல் விரல் நின்றால் அதைத் தயக்கம் என்று கணக்கில் எடுப்பது பரவலான வழக்கம். ஏன் இரண்டு? விசையைத் தேடும் தாமதம் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். மிஞ்சுவது யோசனை என்று எடுத்துக்கொள்கிறார்கள். தயக்கங்கள் கண்ட இடத்தில் விழுவதில்லை. சொல்லுக்குள் குறைவு, சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் சற்றுக் கூடுதல், வாக்கியத்தின் முன்னால் இன்னும் நீளம், பத்தி தொடங்கும் முன் எல்லாவற்றையும்விட நீளம்.

இரண்டு தயக்கங்களுக்கு நடுவே ஒரே மூச்சில் வரும் சொற்கூட்டம் இன்னொரு அளவை. விசைப்பதிவு பரவுவதற்கு முன்பே, 1986ல், காஃபர், ஹேய்ஸ், ஃப்ளவர் என்ற மூவர் இதை அளந்தார்கள். ஓரளவு பழகியவர்களுக்கு ஒரு மூச்சில் சராசரியாக ஏழு சொற்கள் வந்தன; தேர்ந்தவர்களுக்குப் பதினொன்று. முழு வாக்கியம் மனத்தில் உருவாகி அப்படியே இறங்குகிறது என்பது நம்முடைய நினைப்பு. நடப்பது துண்டு துண்டாக. 2001ல் செனோவெத்தும் ஹேய்ஸும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவர்களை ஆங்கிலத்திலும், அவர்கள் கற்றுவந்த பிரெஞ்சு அல்லது ஜெர்மனிலும் எழுதவைத்தார்கள். கற்ற மொழியில் துண்டு சிறுத்துவிட்டது. அந்த மொழியில் பழக்கம் கூடியவர்களுக்கு நீண்டது. அலுவலகத்தில் ஆங்கில மின்னஞ்சலோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கருவி வருவதற்கு முன் ஆராய்ச்சி எப்படி நடந்தது? வாயால். ஜேனட் எமிக் 1971ல் வெளியிட்ட நூலுக்காக, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் எட்டுப் பேரை ஒலிப்பதிவுக் கருவி முன் உட்காரவைத்து, எழுதும்போது மனத்தில் ஓடுவதை உரக்கச் சொல்லச் சொன்னார். அதுவரை ஆராய்ச்சி பெரும்பாலும் எழுதி முடித்த தாளைத்தான் பார்த்தது. எழுதுகிற ஆளைப் பார்க்கலாமே என்ற திருப்பத்துக்கு இந்தச் சின்ன ஆய்வை முன்னோடியாகச் சொல்வார்கள்.

அதே வழியைப் பெரிதாக்கியவர்கள் பிட்ஸ்பர்க்கில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிண்டா ஃப்ளவரும் ஜான் ஹேய்ஸும். ஒரு சோதனையில், பதின்மூன்று பதினான்கு வயதுப் பெண்கள் படிக்கும் பத்திரிகைக்கு உங்கள் வேலையைப் பற்றி எழுதுங்கள் என்றார்கள். புதியவர்கள் ‘என் வேலை’ என்ற தலைப்பையே சுற்றிவந்தார்கள். தேர்ந்தவர்கள் முதலில் அந்தப் பெண்ணைப் பற்றி யோசித்தார்கள்: அவளுக்கு இதில் என்ன பிடிக்கும், என்னைப் பற்றி என்ன நினைப்பாள்? இதிலிருந்தெல்லாம் 1981ல் ஒரு மாதிரி வந்தது. திட்டமிடல், சொல்லாக்கல், திரும்பிப் பார்த்தல் என்று மூன்று வேலைகள். ஆனால் அவை வரிசையில் நடப்பதில்லை. எந்த நொடியிலும் ஒன்று மற்றொன்றை இடைமறிக்கும். பள்ளியில் சொல்லித்தரும் ‘முதலில் குறிப்பு, பிறகு வரைவு, கடைசியில் திருத்தம்’ என்ற ஒழுங்குக்கு அந்த ஒலிநாடாக்கள் ஒத்துழைக்கவில்லை.

இந்த ஆய்வுகளில் என் மனத்தில் தங்கியவை இரண்டு. நியூயார்க்கில் சாண்ட்ரா பெர்ல், எழுதத் திணறும் கல்லூரி மாணவர்கள் ஐந்து பேரைக் கவனித்து 1979ல் ஒரு கட்டுரை எழுதினார். அதில் ‘டோனி’ என்ற புனைபெயரில் ஒருவர் வருகிறார். எழுதிய சில அமர்வுகளுக்குள் இருநூறுக்கும் மேற்பட்ட திருத்தங்கள் செய்தார். பொருளைத் தொட்டவை அவற்றில் இருபத்துச் சொச்சம்தான். மற்றதெல்லாம் எழுத்துப்பிழை, நிறுத்தக்குறி மாதிரியான சங்கதிகள். ஒரு வாக்கியம் எழுந்து நிற்பதற்குள் பிழை தேடத் தொடங்கி, சொல்ல வந்ததைத் தவறவிட்டுவிடுவார். அவர் சோம்பேறி அல்ல, திருத்தாதவரும் அல்ல, அகாலத்தில் திருத்தியவர். சிவப்பு மையை மட்டுமே கண்டு வளர்ந்த பிள்ளை வேறு எப்படி எழுதும்?

மறு ஆண்டு நான்சி சாமர்ஸ் இருபது கல்லூரி மாணவர்களையும், பத்திரிகையாளர், பதிப்பாசிரியர் போன்ற இருபது அனுபவசாலிகளையும் ஒப்பிட்டார். ஒவ்வொருவரும் மூன்று கட்டுரை எழுதி, ஒவ்வொன்றையும் இரண்டு முறை மாற்றியெழுதினார்கள். மாணவர்களுக்குத் திருத்தம் என்றால் சொல்லை எடுத்துவிட்டு வேறு சொல் வைப்பது. அனுபவசாலிகளோ முதல் வரைவில் தங்கள் வாதம் என்ன என்றே தேடிக்கொண்டிருந்தார்கள். திருத்தும்போது முழுக் கட்டுரையின் வடிவம் ஆட்டம் கண்டது. எழுதத் தெரிந்தவருக்குத் திருத்தம் குறைவாக இருக்கும் என்ற பொது நம்பிக்கையை இதைவிடச் சுருக்கமாக யாரும் கவிழ்த்ததில்லை.

உரக்கச் சொல்லும் முறையில் ஒரு கோளாறு உண்டு. பேசிக்கொண்டே எழுதச் சொன்னால் எழுத்தே கொஞ்சம் மாறிவிடுகிறது. விசைப்பதிவில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அது ஊமை. 4.1 நொடி நின்றதென்று சொல்லும். சரியான சொல்லைத் தேடினாரா, காபி குடித்தாரா என்று சொல்லாது. சுவிட்சர்லாந்தில் டேனியல் பெரின், தொலைக்காட்சிச் செய்தி அறைகளில் இரண்டையும் இணைத்தார். செய்தியாளர் எழுதும்போது பதிவு மட்டும் ஓடும். முடிந்ததும் அதைத் திரையில் ஓட்டிக் காட்டி, இந்த இடத்தில் என்ன செய்தீர்கள் என்று அவரிடமே கேட்பார்கள்.

வகுப்பறைக்கு இதனால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு, ஸ்டீவ் கிரகாமும் டோலோரஸ் பெரினும் 2007ல் பல ஆய்வுகளைத் தொகுத்து எழுதிய அறிக்கை இருக்கிறது. திட்டமிடவும் திருத்தவும் வழிமுறைகளை வெளிப்படையாகக் கற்பித்தபோது எழுத்தின் தரம் நன்றாகவே உயர்ந்தது. இலக்கணத்தைத் தனியே எடுத்து நடத்தியதன் விளைவு பூஜ்யத்துக்கும் கீழே போனது. இலக்கண வாத்தியார்கள் கோபிக்க வேண்டாம். வாக்கியங்களை இணைத்துப் பழகும் பயிற்சி பலன் தந்ததாகவும் அதே அறிக்கை சொல்கிறது.

தமிழில் எழுதுபவரை இப்படிப் பதிவு செய்ய நினைப்பவர், தொடங்கும் முன் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். ஒலிபெயர்ப்பு விசைப்பலகையில் ‘அம்மா’ என்று அடிக்க ஐந்து தட்டு. இரண்டாவது ‘ம்’ முதலில் புள்ளியோடு விழுந்து, அடுத்த தட்டில் புள்ளி போய் ‘ம’ ஆகி, அதற்கடுத்த தட்டில் ‘மா’ ஆகும். தமிழ்99 முறையில் நான்கே தட்டு. புள்ளியை மென்பொருளே வைத்துக்கொள்ளும். புள்ளியை எடுப்பதும் வைப்பதும் எழுதுபவர் செய்வதல்ல; பல நிரல்கள் பழைய எழுத்தைத் தாமே அழித்துத்தான் புதியதை வைக்கின்றன. திரை மாற்றத்தை அப்படியே எண்ணினால், ஒரு தடவைகூடத் தயங்காமல் அடித்த ‘அம்மா’வும் திருத்தங்களின் பட்டியலில் சேர்ந்துவிடும். அந்தப் போலி நீக்கங்களைக் கழித்த பிறகே எண்ணத் தொடங்க வேண்டும். இருவேறு விசைப்பலகைக்காரர்களின் தட்டுகளை நேருக்கு நேர் ஒப்பிடவும் கூடாது.