பழைய ஓட்டோ கியர் பொக்ஸ் வாங்குமுன்...

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது முதல் 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்படும் வரை, நம்மில் பலர் இருந்த வாகனத்தைத் திருத்தித் திருத்தியே ஓட்டினோம். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. பஞ்சிகாவத்தையில் பழைய கியர் பொக்ஸ் தேடி அலைபவர்களில் வியாபாரிகளும் உண்டு.

எனது டீசல் ஹைலக்ஸ் டபள் கெப்பின் ஓட்டோ கியர் பொக்ஸ் பழுதானபோது நானும் அப்படித்தான் போனேன். "ஏ340" என்று கேட்டேன், அதே இலக்கத்தில் ஒன்று கிடைத்தது. காசைக் கொடுத்தேன். கழற்றிய பழையதை இரும்புக்கும் போட்டுவிட்டேன். கராஜில் ஏற்றப் போனபோதுதான் வந்தது பெற்றோல் எஞ்சினுக்கு உரியது, போல்ட் துளைகள் பொருந்தவில்லை என்று பாஸ் சொன்னார். கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை. கையில் ஒரு துண்டு பில்லும் இல்லை. மூன்று வாரம் கூலி வாகனத்தில் சரக்கு ஏற்றினேன். அந்த நட்டத்தில் கற்றதை இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, இலக்கத்தை முழுமையாக எழுதிக்கொண்டு போங்கள். டொயோட்டா ஏ340 வகையில் கடைசி எழுத்து முக்கியம். 'ஈ' என்றால் பின்சக்கர ஓட்டம். 'எப்' என்றால் போர் வீல், ட்ரான்ஸ்பர் லீவரால் மாறுவது. 'எச்' என்றாலும் போர் வீல்தான், ஆனால் ட்ரான்ஸ்பர் ஒயில் அழுத்தத்தால் மாறும். முழு இலக்கம் ஒன்றாக இருந்தாலும் போதாது. ஏ343எப் டீசல் பிராடோவிலும் வந்தது, 100 வரிசை லேண்ட் குரூசரின் வி8 பெற்றோல் எஞ்சினோடும் வந்தது. ஆகவே எஞ்சின் இலக்கத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கியர் பொக்ஸ் இலக்கம் வாகனத்தின் தகட்டில் 'ட்ரான்ஸ், எக்ஸல்' என்ற வரியில் இருக்கும்.

இரண்டாவது, முன்பக்கம். பெல் ஹவுசிங்கின் துளைகள், ஸ்டார்ட்டர் அமரும் இடம் இரண்டையும் பழையதோடு ஒப்பிடுங்கள். டோர்க் கொன்வேட்டரையும் அதே வகை எஞ்சினுடையதாகவே எடுங்கள். டீசல் எஞ்சின் குறைந்த சுற்றிலேயே இழுக்கும். பெற்றோல் எஞ்சினின் கொன்வேட்டரைப் போட்டால் அதிகம் வழுக்கி ஒயில் சூடாகும். சாதாரண கியர் வாகனத்தை ஓட்டோவாக மாற்றுபவர்களுக்கு பிளைவீலுக்குப் பதிலாக மெல்லிய பிளெக்ஸ் பிளேட்டும் தேவை.

மூன்றாவது, பின்பக்கம். நீளம், ஷாப்ட்டின் பல் எண்ணிக்கை, மவுண்ட் இருக்கும் இடம் ஆகியவற்றை அளந்து பாருங்கள். நீளம் மாறினால் புரொப்பலர் ஷாப்ட்டை வெட்டி பெலன்ஸ் செய்ய வேண்டிவரும். அது தனிச் செலவு.

நான்காவது, வயர். எலக்ட்ரோனிக் கியர் பொக்ஸ் தன் கம்பியூட்டரோடுதான் ஒழுங்காக வேலை செய்யும். பிளக்கை அடியோடு வெட்டிய பெட்டியை வாங்காதீர்கள். பல ஏ340களில் எக்ஸலேட்டரோடு சேர்ந்து இழுபடும் கேபிள் ஒன்றும் உண்டு. அதைச் சரியாக டியூன் செய்யாவிட்டால் உள்ளே கிளச் தட்டுகள் எரிந்துபோகும்.

லொறிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கிளச் பெடல் இல்லாததெல்லாம் ஒரே ஓட்டோ அல்ல. இசுசுவின் ஸ்மூதர் சாதாரண கியரைத் தானாக மாற்றும் முறை. கென்டரின் டுயோனிக் இரட்டைக் கிளச் முறை. மேலே சொன்ன பெட்டிகளை இவற்றுக்கு மாற்றாக நினைக்க வேண்டாம்.

ஐந்தாவது, நிலைமை. ஒயில் சிவப்பாக இருந்தால் நல்லது. கறுத்துக் கருகல் மணம் வந்தால் உள்ளே தட்டுகள் எரிந்திருக்கின்றன. பால் கலந்த இளஞ்சிவப்பாக இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் கலந்திருக்கிறது, தொடவே வேண்டாம். அடித்தட்டைக் கழற்றச் சொல்லுங்கள். காந்தத்தில் மாவு போன்ற தூள் இருப்பது வழமை. உலோகத் துண்டுகள் இருந்தால் விட்டுவிடுங்கள்.

ஏற்றும்போது ஒயில் கூலரையும் குழாய்களையும் கழுவாவிட்டால் பழைய பெட்டியின் தூள் புதியதையும் கெடுக்கும். கொன்வேட்டர் பம்ப்பில் முழுதாக அமர்ந்த பின்பே போல்ட்டை இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் பம்ப் உடையும்.

கடைசியாக, கொடுக்கல் வாங்கல். நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே மறைந்திருந்த ஈரத்தைக் கண்டு கண்டித்த சம்பவம் நமக்குத் தெரியும். கியர் பொக்ஸும் அப்படித்தான், குறை உள்ளேதான் இருக்கும். இதற்கு மார்க்கத்தில் வழி இருக்கிறது. வாங்கியதைத் திருப்பும் உரிமையை முன்கூட்டியே நிபந்தனையாகப் பேசிக்கொள்வது 'கியாருஷ் ஷர்த்'. ஷாபிஈ மத்ஹபில் அதன் உச்ச எல்லை மூன்று நாள். நம் கடைகளின் 'செக்கிங் வொரண்டி' ஏறக்குறைய இதுதான். கராஜில் நாள் எடுத்த பிறகு பெட்டியை வாங்கினால் மூன்று நாளுக்குள் ஏற்றிப் பார்த்துவிடலாம். முழு இலக்கம், எஞ்சின் வகை, திருப்பும் நாள் மூன்றையும் பில்லில் எழுதி வாங்குங்கள். புதியது ஓடும் வரை பழையதை விற்காதீர்கள்.

விற்கும் சகோதரர்களுக்கும் ஒன்று. குறையைச் சொல்லி விற்றால் இலாபம் கொஞ்சம் குறையலாம், வாடிக்கை குறையாது. அல்லாஹ் நமது வியாபாரத்தில் பரக்கத் செய்வானாக.