காணொலி கெட்டுவிட்டதா? முதலில் உள்ளே பாருங்கள்

பென்டிரைவில் கொண்டுபோன காணொலி வகுப்பறைத் திரையில் ஓடவில்லை. அல்லது படம் ஓடுகிறது, ஒலி இல்லை. அல்லது ஆசிரியரின் உதடு ஓரிடத்திலும் குரல் வேறோரிடத்திலும் நிற்கின்றன. இவற்றில் ஒன்றையாவது சந்திக்காத ஆசிரியர் இன்று அரிது. பாடவேளையில் பத்து நிமிடம் அதிலேயே கரைந்துபோகும். பிறகு கோப்பை அழித்துவிடுகிறோம், அல்லது ‘இலவசமாக மாற்றித் தருகிறோம்’ என்று அழைக்கும் ஏதோ ஓர் இணையதளத்தில் ஏற்றுகிறோம்.

அழித்தால் நம் உழைப்பு போகும். ஏற்றினால் நம் மாணவர்களின் முகமும் குரலும் யாருடையது என்றே தெரியாத கணினிக்குப் போய்ச் சேரும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத அனைவரையும் குழந்தைகள் என்றே கொண்டு, அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலை வலியுறுத்துகிறது. சட்டத்தை விட்டுவிட்டாலும், ஆண்டுவிழாவில் ஆடிய பிள்ளையின் படம் எங்கே போகிறது என்பது அதன் ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கெட்டுவிட்டதாக நாம் நினைக்கும் கோப்புகளில் பெரும்பாலானவை கெட்டவை அல்ல. அவற்றைப் பள்ளிக் கணினியிலேயே, இணைய இணைப்பு இல்லாமலே சரிசெய்ய ‘எஃப்எஃப்எம்பெக்’ என்ற மென்பொருள் இருக்கிறது. ஃபாப்ரிஸ் பெல்லார் என்ற பிரெஞ்சு நிரலாளர் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இது. காசு கிடையாது, விளம்பரம் கிடையாது. பொத்தான்களும் கிடையாது என்பதுதான் பலரைத் தயங்க வைக்கிறது. கறுப்புத் திரையில் ஒரு வரியைத் தட்ட வேண்டும், அவ்வளவுதான். ஒருமுறை வேலைசெய்த வரியைக் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டால் அடுத்த ஆண்டும், பக்கத்துப் பள்ளியிலும் அதே வரி அப்படியே வேலைசெய்யும்.

இந்தக் கட்டுரையில் கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் தந்துள்ளேன். கணினியில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்ட வேண்டும். இடைவெளிகளும் சிறுகோடுகளும் இங்கே உள்ளபடியே இருக்கட்டும். மென்பொருளின் பெயரை எஃப், எஃப், எம், பி, இ, ஜி என ஆறு எழுத்துகளாகத் தட்டுங்கள்.

உபுண்டு போன்ற லினக்ஸ் கணினியில் ‘சுடோ ஏப்ட் இன்ஸ்டால்’ என்று தட்டி, அதன்பின் மென்பொருளின் பெயரைத் தந்தால் அது நிறுவப்படும். நிர்வாகி கடவுச்சொல்லும் அந்த ஒருமுறை மட்டும் இணையமும் தேவை. விண்டோஸில் இறக்கிய தொகுப்பை விரித்தால் ‘பின்’ என்றொரு கோப்புறை இருக்கும். காணொலியின் நகல் ஒன்றை அதற்குள் போட்டு, கோப்புறையின் முகவரிப் பட்டையில் சி, எம், டி என்ற மூன்று எழுத்துகளைத் தட்டி என்டர் கொடுத்தால் கறுப்புத் திரை அங்கேயே திறக்கும். கோப்புப் பெயரைச் சிறியதாக, இடைவெளி இல்லாமல் வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை குறையும்.

இனி விஷயத்துக்கு வருவோம். காணொலிக் கோப்பு என்பது ஓர் அடுக்கு டிபன் கேரியர். ஓர் அடுக்கில் படம், இன்னோர் அடுக்கில் ஒலி, சிலவற்றில் மூன்றாவதாக வசன வரிகள். எம்பி4, எம்கேவி, ஏவிஐ என்பவை கேரியரின் வகைகள். உள்ளே இருக்கும் உணவுக்கு வேறு பெயர்கள் உண்டு. படத்துக்கு எச்.264, எச்.265 போன்றவை, ஒலிக்கு ஏஏசி, எம்பி3, ஏசி-3, ஓபஸ் போன்றவை. கோப்பின் பெயரில் கடைசியில் இருக்கும் எம்கேவி என்பதை அழித்து எம்பி4 என்று எழுதுவது கேரியரின் மேல் வேறு பெயர்ச்சீட்டு ஒட்டுவது போலத்தான். உள்ளே எதுவும் மாறாது. இந்த வைத்தியத்தைப் பல பள்ளிகளில் பார்க்கிறேன்.

ஆகவே முதல் வேலை மூடியைத் திறந்து பார்ப்பது. எஃப்எஃப்எம்பெக்குடன் கூடவே வரும் எஃப்எஃப்ப்ரோப் அதற்கானது:

எஃப்எஃப்ப்ரோப் பாடம்.எம்பி4

திரையில் நிறைய வரிகள் ஓடும். அஞ்ச வேண்டாம். ‘ஸ்ட்ரீம்’ என்று தொடங்கும் வரிகளை மட்டும் பாருங்கள். ஒன்றில் ‘வீடியோ’ என்றும் இன்னொன்றில் ‘ஆடியோ’ என்றும் இருக்கும். அவற்றை அடுத்து வரும் சொல்தான் உள்ளிருக்கும் வகையின் பெயர். ஆடியோ வரியே இல்லையென்றால் ஒலி பதிவாகவே இல்லை. எந்த மென்பொருளாலும் அதை வரவழைக்க முடியாது. வீடியோ வரியில் ‘ஹெச்இவிசி’ என்றிருந்தால் அது எச்.265. புதிய கைபேசிகள் இடத்தை மிச்சப்படுத்த இதில் பதிகின்றன. பழைய தொலைக்காட்சிகளுக்கும் புரொஜெக்டர்களுக்கும் இது புரியாது. ஒலி வரும், படம் வராது என்பதற்கு வழக்கமான காரணம் இதுதான். படம் வந்து ஒலி மட்டும் வராவிட்டால் ஆடியோ வரியில் ‘ஏசி3’ அல்லது ‘டிடிஎஸ்’ இருக்கிறதா என்று பாருங்கள்.

படம் எச்.264 ஆகவும் ஒலி ஏஏசி ஆகவும் இருந்து கேரியர் மட்டும் பொருந்தவில்லை என்றால், உணவை அப்படியே வேறு கேரியருக்கு மாற்றினால் போதும்:

எஃப்எஃப்எம்பெக் -ஐ பாடம்.எம்கேவி -சி காப்பி புதியது.எம்பி4

இதில் ‘-ஐ’ உள்ளே எடுக்கும் கோப்பைக் காட்டுகிறது. ‘-சி காப்பி’ என்பது எதையும் மீண்டும் சமைக்காமல் அப்படியே எடுத்து வை என்ற உத்தரவு. ஒரு மணி நேரக் காணொலிகூடச் சில நொடிகளில் முடிந்துவிடும். தரம் துளியும் குறையாது. நடுவில் தாவ முடியாத ஏவிஐ கோப்பு, மொத்த நேரத்தைத் தவறாகக் காட்டும் எம்பி3 ஆகியவையும் பல நேரங்களில் இந்த ஒரே வரியில் சரியாகிவிடுகின்றன. புதிய கோப்பு எழுதப்படும்போது அதன் நேரக் குறிப்புகளும் புதிதாக எழுதப்படுவதே காரணம். எனவே எந்தக் கோளாறானாலும் முதலில் இதைச் செய்து பாருங்கள்.

வகையே பொருந்தாதபோதுதான் மறுசமையல் தேவை:

எஃப்எஃப்எம்பெக் -ஐ பாடம்.எம்பி4 -சி:வி லிப்எக்ஸ்264 -பிக்ஸ்_எஃப்எம்டி யுவி420பி -சி:ஏ ஏஏசி புதியது.எம்பி4

‘லிப்எக்ஸ்264’ படத்தை எச்.264 ஆக மாற்றுகிறது. ‘யுவி420பி’ என்பது ஏறத்தாழ எல்லாத் திரைகளுக்கும் புரியும் நிற அமைப்பு (தட்டும்போது ஒய், யு, வி என்று தொடங்குங்கள்). தரத்தைக் கூட்டவோ குறைக்கவோ ‘-சிஆர்எஃப்’ என்பதோடு ஓர் எண்ணைச் சேர்க்கலாம். எதுவும் சொல்லாவிட்டால் அது 23 என்று எடுத்துக்கொள்ளும். எண் குறைந்தால் தரம் கூடும், கோப்பும் பெருக்கும். மறுசமையலுக்கு நேரம் பிடிக்கும். பழைய கணினியில் காணொலியின் நீளத்தைவிட அதிகமாகவும் ஆகலாம். ஒவ்வொரு முறையும் தரம் சற்றுக் குறையவே செய்யும். ஒலி மட்டும்தான் பிரச்சினை என்றால் படத்தைத் தொடாதீர்கள்: ‘-சி:வி காப்பி -சி:ஏ ஏஏசி’ என்று கொடுத்தால் ஒலி மட்டும் மாறும். இருபது காணொலிகளுக்கு இது எத்தனை மணி நேரத்தை மிச்சப்படுத்தும் என்பதைச் செய்து பார்ப்பவர் அறிவார்.

காலை வழிபாட்டுக் கூட்டத்தின் ஒலிபெருக்கிக்கும் ஒரு வார்த்தை. அதன் பென்டிரைவ் துளை பெரும்பாலும் எம்பி3 மட்டுமே படிக்கும். வாட்ஸ்அப்பில் வரும் குரல்பதிவு ஓபஸ் வகை. ‘எஃப்எஃப்எம்பெக் -ஐ குரல்.ஓபஸ் குரல்.எம்பி3’ என்ற வரியே போதுமானது.

மைக் தொலைவில் இருந்ததால் குரல் தாழ்ந்து போன பதிவுகளே நம்மிடம் அதிகம். அதற்கு:

எஃப்எஃப்எம்பெக் -ஐ பாடம்.எம்பி4 -சி:வி காப்பி -ஏஎஃப் லவுட்நார்ம் -ஏஆர் 48000 புதியது.எம்பி4

இது ஒலியளவைக் கேட்கத்தக்க ஒரு மட்டத்துக்குக் கொண்டுவரும். மின்விசிறி இரைச்சலும் கூடவே ஏறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வகுப்பில் பதிவு செய்யும்போது விசிறியை நிறுத்துவதற்கு ஈடான கட்டளை இதுவரை வரவில்லை.

குரல் உதட்டுக்கு முந்தி வந்தால் ஒலியைத் தாமதப்படுத்த வேண்டும். ஒரே கோப்பை இருமுறை உள்ளே கொடுத்து, ஒன்றிலிருந்து படத்தையும் தாமதப்படுத்திய மற்றொன்றிலிருந்து ஒலியையும் எடுக்கிறோம்:

எஃப்எஃப்எம்பெக் -ஐ பாடம்.எம்பி4 -ஐடிஎஸ்ஆஃப்செட் 0.4 -ஐ பாடம்.எம்பி4 -மேப் 0:வி -மேப் 1:ஏ -சி காப்பி புதியது.எம்பி4

0.4 என்பது நொடிக் கணக்கு. குரல் பிந்தி வந்தால் -0.4 என்று கொடுங்கள். தொடக்கத்தில் சரியாக இருந்து போகப்போக விலகும் பதிவுக்கு இது உதவாது. அது கைபேசி சீரற்ற வேகத்தில் படம் எடுத்ததால் வரும் வேறு நோய்.

கோப்பு திறக்கவே மறுத்தால் அளவைப் பைட் கணக்கில் மூலக் கோப்போடு ஒப்பிடுங்கள். நகல் முடியும் முன் பென்டிரைவைப் பிடுங்கியிருந்தால் அளவு குறைந்திருக்கலாம். ஃபேட்32 முறையில் அமைந்த பென்டிரைவில் 4 ஜிபியைத் தாண்டிய கோப்பு நுழையாது. இவற்றுக்கு மருந்து மறுபடி நகலெடுப்பதுதான்.

மூலமே குறையாக இருக்கும்போதுதான் சோதனை. எங்கள் எட்டாம் வகுப்பு மாணவர்கள், ஊர் ஏரியின் மடையைப் பல ஆண்டுகள் திறந்து மூடிய ஒரு பெரியவரிடம், எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்ற முறையைக் கேட்டுக் கைபேசியில் பதிந்தார்கள். இருபத்தைந்தாவது நிமிடத்தில் மின்கலம் தீர்ந்து கைபேசி அணைந்தது. கோப்பு 3 ஜிபிக்கு மேல் இருந்தும் திறக்கவில்லை. மறுபடி கேட்கலாம் என்று நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது பெரியவர் காலமாகிவிட்டார்.

எஃப்எஃப்ப்ரோப் அந்தக் கோப்பைப் பார்த்து, ‘மூவ் ஆட்டம் நாட் ஃபவுண்ட்’ என்றது. எம்பி4 கோப்பில் எந்த நொடியின் படமும் ஒலியும் எங்கே இருக்கின்றன என்ற பொருளடக்கத்தின் பெயர்தான் ‘மூவ்’. கைபேசி அதைப் பொதுவாகப் பதிவை நிறுத்தும்போதுதான் எழுதும். நடுவில் அணைந்தால் பக்கங்கள் எல்லாம் இருக்கும், பொருளடக்கம் மட்டும் இருக்காது. எஃப்எஃப்எம்பெக்கால் இங்கே ஒன்றும் செய்ய இயலாது. ‘அன்ட்ரங்க்’ என்ற மற்றொரு கட்டற்ற கருவி வேண்டும். அதே கைபேசியில், அதே அமைப்பில் ஒரு சிறு காணொலி எடுத்து மாதிரியாகக் கொடுக்க வேண்டும்:

அன்ட்ரங்க் நல்லது.எம்பி4 கெட்டது.எம்பி4

நல்ல கோப்பின் அமைப்பைப் பார்த்து, கெட்டதற்கு இது புதிய பொருளடக்கம் எழுதிப் பார்க்கும். எங்களுக்குக் கடைசிச் சில நொடிகள் தவிர மற்றவை கிடைத்தன. உதடும் குரலும் சற்று விலகியிருந்தன; மேலே சொன்ன தாமதக் கட்டளையால் அவை பொருந்தின. எல்லாக் கோப்புக்கும் இப்படி அமையும் என்று உறுதி கூற இயலாது. அளவு 0 என்று காட்டும் கோப்பில் மீட்க எதுவுமில்லை.

எந்தக் கோப்பைச் சரிசெய்தாலும் மூலத்தை அழிக்கும் முன் புதியதைச் சோதியுங்கள்:

எஃப்எஃப்எம்பெக் -வி எரர் -ஐ புதியது.எம்பி4 -எஃப் நல் -

கடைசியில் உள்ள தனிச் சிறுகோட்டை விட்டுவிடாதீர்கள். இது கோப்பு முழுவதையும் ஓட்டிப் பார்த்து, பிழைகளை மட்டும் திரையில் காட்டும். ஒரு வரியும் வராமல் முடிந்தால் கோப்பு நலம். கணினித் திரையைப் பதிந்து பாடம் தயாரிப்போர், ஓபிஎஸ் மென்பொருளின் அமைப்பில் எம்பி4க்குப் பதில் எம்கேவியைத் தேர்ந்து வையுங்கள். நடுவில் மின்சாரம் போனாலும் அதுவரை பதிந்தது திறக்கும். பிறகு ‘-சி காப்பி’ கொடுத்து எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம்.