மணி பெருத்தாலும் மென்மை, சிறுத்தாலும் மென்மை

டிரான்ஸ்ஃபார்மருக்குள் இருக்கும் இரும்பின் காந்தத் திசை நொடிக்கு 50 சுற்று முன்னும் பின்னும் புரள்கிறது. அது முரண்டு பிடித்தால் மின்சாரம் சூடாகி வீணாகும். முரண்டு பிடிக்காத இரும்பைத்தான் மென்காந்தம் என்கிறோம். அந்த மென்மையைத் தருவதில் உலைக்குப் பெரும் பங்கு உண்டு.

இதற்கான பழைய பாடம் எளிது: படிக மணிகளைப் பெருக்க வை. மணிக்கும் மணிக்கும் நடுவே உள்ள எல்லைகள் காந்தத்தின் நகர்வைத் தடுக்கும். எல்லை குறைந்தால் தடை குறையும். அமெரிக்காவின் நார்மன் காஸ் 1934-இல் காப்புரிமை பெற்ற வழியில், சுமார் 3% சிலிக்கன் கலந்த இரும்பைக் குளிர்நிலையில் உருட்டி, இடையிடையே காய்ச்சினார்கள். அதிலிருந்து வளர்ந்த தொழிலில் கடைசிக் காய்ச்சல் ஹைட்ரஜன் உலையில், சுமார் 1,200 டிகிரியில், நாள்கணக்கில் நடக்கிறது. சரியான திசையில் அமைந்த சில மணிகள் அக்கம்பக்கத்தவற்றை விழுங்கி வளர்கின்றன. தகட்டை அமிலத்தில் நனைத்தால், விரல் நகம் அளவுக்குப் பெருத்த மணிகள் வெறுங்கண்ணுக்கே தெரியும்.

1988-இல் ஜப்பானின் ஹிட்டாச்சி மெட்டல்ஸைச் சேர்ந்த யோஷிசாவாவும் கூட்டாளிகளும் இந்தப் பாடத்தையே புரட்டிப் போட்டார்கள். உருகிய இரும்புக் கலவையைச் சுழலும் உருளைமீது பாய்ச்சினால், படிகமாக அவகாசமின்றி உறைந்து, 20 மைக்ரான் தடிமனில் நாடாவாக வரும். அதைச் சுமார் 550 டிகிரியில் ஒரு மணி நேரம் காய்ச்சினார்கள். கலவையில் இருந்த துளி செம்பு முதலில் திரண்டு எண்ணற்ற வித்துகளை ஊன்றுகிறது. அதே கலவையில் உள்ள நையோபியம் என்னும் உலோகம் அவற்றை வளரவிடாமல் பிடித்து நிறுத்துகிறது. பத்துப் பன்னிரண்டு நானோமீட்டரிலேயே மணிகள் நின்றுவிடுகின்றன. அத்தனை நெருக்கத்தில் ஒவ்வொரு மணியின் திசைப் பிடிவாதமும் அண்டை மணிகளின் பிடிவாதத்தோடு கலந்து கரைந்துபோகிறது. ஜெர்மனியின் ஹெர்ட்சர் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்: இந்தச் சிற்றளவில் முரண்டு மணி விட்டத்தின் ஆறாம் அடுக்காக ஏறும். விட்டம் இரட்டித்தால் 64 மடங்கு! உலோகவியலில் இதைவிட அழகான திருப்பத்தை நான் கண்டதில்லை.

சூடு மிஞ்சினால் இரும்பு போரைடு என்னும் சேர்மம் பிறந்து எல்லாம் கெட்டுவிடும். காய்ச்சிய நாடா வளைத்தால் பொடியும். அதனால் வளையமாகச் சுற்றிவிட்டுத்தான் உலையில் வைப்பார்கள்.

ஆனாலும் பழையது ஓயவில்லை. காஸ் வழித் தகடு சுமார் 2 டெஸ்லா காந்தப்புலம் தாங்கும். நானோ நாடா 1.2 டெஸ்லாவிலேயே நிறைந்துவிடும். எனவே அதிக அதிர்வெண்ணில் இயங்கும் சிறு மின்னணுச் சாதனங்களில் நாடா இருக்கிறது. துணைமின் நிலையத்தின் பெரிய டிரான்ஸ்ஃபார்மர்களில் இன்றும் பெருத்த மணிகளே.